பின்னேர ரேவ்: வன்னியில் ஓர் ஆட்டக்களம் போடுவது எப்படி

கிளிநொச்சியில் ரேவ், அதாவது விடாமல் ஓடுகிற மின்னணு இசைக்குக் கூடி ஆடுகிற ஆட்டம், நடத்துகிறோம் என்று சொன்னால், கொழும்பில் இருக்கிறவர்கள் முதலில் கேட்பது இரவில் எங்கே நடத்துகிறீர்கள் என்றுதான். நாங்கள் இரவில் நடத்துவதில்லை. பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிக்கிறோம். அரிசி ஆலையில் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம், கனத்த அடிக்கு இரண்டு பேஸ் பொக்ஸ், மற்றச் சத்தங்களுக்கு இரண்டு டொப், ஒரு ஜெனறேற்றர், அறுபது எழுபது பேர். குடி இல்லை, ரிக்கெற் இல்லை, போஸ்டர் இல்லை. இதை மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ முல்லைத்தீவிலோ செய்ய நினைக்கிறவர்களுக்காக, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்காக, எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் நான் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். பெரியப்பாவின் மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கோயில் திருவிழாவுக்கும் சாமத்திய வீட்டுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டுகிற தொழில் செய்கிறார். வயர் சுற்றவும் பெட்டி அடுக்கவும் அவரிடம்தான் பழகினேன். இசை ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளிடமிருந்து வந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடமே தெரியாமல் ஒரு மணித்தியாலம் ஓடுகிற பதிவுகளை அவள் அனுப்புவாள். தொழிற்சாலை பஸ்ஸில் போகவர அதைத்தான் கேட்பேன்.

ரேவ் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று சொல்வார்கள். நான் கண்டவரை, ஆடிவிட்டுப் போகிறவரை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பொறுப்பாக நின்றவரை மாற்றுகிறது. அயல் வீடுகளுக்குப் போய்க் கதைத்தவரை, கடைசி ஓட்டோ வெளிக்கிடும் வரை வாசலில் நின்றவரை மாற்றுகிறது. அதனால் எங்கள் களத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலமாவது ஒரு வேலை உண்டு. மீதி நேரம் ஆட்டம். கீழே சொல்கிறதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது.

ஏன் பின்னேரம்

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டது. அது ஒரு காரணம். பொழுதுபட்டால் உள்ளூர் பஸ் இல்லை, ஒட்டுசுட்டான் பக்கத்து வீதிகளில் யானை வரும், அது இன்னொன்று. பெண் பிள்ளை இருட்ட முன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றால் ஊர்க் கதையில் பாதி தானாக அடங்கிவிடும். எனக்கு இந்தக் காரணம்தான் பெரிது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1980களில் இங்கிலாந்தில் பஞ்சாபி, பாகிஸ்தானி, வங்காளிக் குடும்பங்களில் பிள்ளைகளை, அதிலும் பெண் பிள்ளைகளை, இரவில் வெளியே விட மாட்டார்கள். அதனால் லண்டன், பர்மிங்காம், பிராட்ஃபோர்ட் என்று பல இடங்களில் பங்க்ரா என்ற பஞ்சாபி இசை ஆட்டங்களைப் பகலில் வைத்தார்கள். டேரைமர் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடப் பைக்குள் மாற்று உடுப்பு, மத்தியானம் கிளப்பில் ஆட்டம், பின்னேரம் ஒன்றும் நடக்காத மாதிரி வீடு.

நாங்கள் அதில் ஒன்றை மட்டும் மாற்றினோம். வீட்டுக்குப் பொய் சொல்லிவிட்டு வரக் கூடாது. இங்கே ஊர் சின்னது, பொய் பொழுதுபட முன் பிடிபட்டுவிடும். பிடிபட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டுமில்லை, அடுத்த முறை வர இருந்த பத்துப் பிள்ளைகளுக்கும் படலை பூட்டப்படும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொல்கிறோம். வருகிறார்கள். சிலர் முறிகண்டிக் கச்சான் உடைத்தபடி முடியும் வரை இருந்துவிட்டுப் போகிறார்கள்.

குடியில்லாமல் ரேவா என்று கேட்கிற தம்பிமாருக்கு ஒரு பதில். இந்தப் பண்பாட்டின் ஆணிவேர்களில் ஒன்றே குடியில்லாத களம்தான். டேவிட் மன்குசோ என்பவர் 1970 இல் நியூயோர்க்கில் தான் குடியிருந்த மாடியில் அழைப்பின் பேரில் மட்டும் ஆட்டம் வைத்தார். லொஃப்ட் என்று அதைச் சொல்வார்கள். அங்கே மது விற்கவில்லை. வாசலில் கொடுக்கிற பங்குக்குள் பழமும் சாப்பாடும் அடங்கும். கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலீர்ப்பாளர்கள் என்று வேறு இடங்களில் நிம்மதியாக ஆட முடியாதவர்கள் அங்கே சேர்ந்து ஆடினார்கள். 1977 இல் சிக்காகோவில் தொடங்கிய வெயார்ஹவுஸ் கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் போட்ட இசையிலிருந்துதான் ஹவுஸ் என்ற ஆட்ட இசை வந்தது. டெட்ரோயிட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசைக்கு வடிவம் கொடுத்தார்கள். உங்களுக்கு ஏன் இந்த வெள்ளைக்காரன் ஆட்டம் என்று யாராவது கேட்டால், கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

இடமும் நாளும்

இடம் தேடுகிறவர்கள் முதலில் குளக்கட்டையும் காட்டோரத்தையும்தான் யோசிப்பார்கள். இரண்டும் வேண்டாம். தண்ணீருக்கு மேலால் சத்தம் நினைத்ததை விடத் தூரம் போகும். காட்டோரத்தில் யானையும் வனத் திணைக்களமும் மட்டும் பிரச்சினை இல்லை. வன்னியில் மிதிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கிறது. துப்புரவாக்கிக் கையளித்த காணிதான் என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்தாத நிலத்தில் பந்தல் கால் நடாதீர்கள், குப்பை எரிக்காதீர்கள், ஆட்களைச் சலம் கழிக்கப் பற்றைக்குள் போக விடாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்ணில் படவில்லை என்பது போதாது. சந்தேகமான இரும்பு ஏதும் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஆலைத் தளம் நல்லது. வருசக்கணக்காக லொறி ஏறி இறங்கிய நிலம். மட்டமானது, சுற்றி மதில், படலை, கக்கூஸ், கிணறு எல்லாம் இருக்கும். பெர்லினில் 1991 இல் திறந்த ட்ரெசோர் கிளப் பழைய கடைத்தொகுதி ஒன்றின் பெட்டக அறைக்குள் இருந்தது. டெட்ரோயிட்காரருக்குக் கைவிட்ட தொழிற்சாலைகள் இருந்தன. எங்களுக்கு வாய்த்தது ஆலை. காலபோக அறுவடைக்குப் பிறகு தை, மாசி, பங்குனியில் தளம் முழுக்க நெல் கிடக்கும், அப்போது போய்க் கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள். சிறுபோக நெல் வருமுன், ஆனி ஆடியில் கேளுங்கள்.

அந்த மாதங்களில் சீமெந்து காலைச் சுடும். மத்தியானமே தண்ணீர் அடித்துக் குளிர வைத்து, பெட்டியும் வயரும் வருமுன் நன்றாகக் காயவிடுங்கள். மேலே கிடுகுப் பந்தல். தறப்பாள் மலிவுதான், ஆனால் நான் போடுவதில்லை. வெயிலில் அதற்குக் கீழே ஆள் அவிந்துவிடும். அதோடு, தறப்பாள் கொட்டிலுக்குள் மாதக்கணக்காக இருந்த ஆட்கள்தான் இங்கே ஆட வருகிறார்கள்.

அனுமதி: ஆலைக்காரர், கிராம சேவகர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், பக்கத்துக் கோயில் நிர்வாகம், பிறகு ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸ். இந்த ஒழுங்கிலேயே போங்கள், ஒருவர் சரி என்று சொன்னதை அடுத்தவரிடம் சொல்லலாம். கடிதத்தின் பிரதியை லமினேற் பண்ணி டிஜே மேசையில் ஒட்டி வையுங்கள். இங்கிலாந்தில் 1992 மே மாதம் காஸில்மோர்ட்டன் என்ற திறந்த வெளியில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி ஒரு கிழமை அளவில் ஆடினார்கள். அதற்குப் பிறகு 1994 இல் வந்த சட்டம், திரும்பத் திரும்ப வருகிற தாள அடிகளைக் கொண்ட இசை என்று எழுதியே இரவு நேரத் திறந்தவெளி ரேவைக் கட்டுப்படுத்தியது. ஒளித்து நடத்துவது அவர்களுக்கு ஒரு எதிர்ப்பாக இருந்தது, அதை மதிக்கிறேன். இங்கே தமிழ் இளைஞர்கள் மதிலுக்குள் இரகசியமாகக் கூடினார்கள் என்ற பேச்சு எந்தெந்த வழியால் போகும் என்று எங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடத்துங்கள்.

நாள் குறிக்கும்போது மே 18 ஐச் சுற்றிய நாட்களைத் தொடாதீர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலும் வைகாசியில்தான். நாங்கள் அந்த மாதத்தையே விட்டுவிடுகிறோம். கார்த்திகையில் மாவீரர் கிழமை வேண்டாம், பரீட்சைக் காலமும் வேண்டாம். ஊரில் ஒரு செத்த வீடு என்றால் எட்டுச் செலவு முடியும் வரை பெட்டி இறக்குவதில்லை. பந்தல் போட்டு முடித்திருந்தாலும் நிப்பாட்ட வேண்டும்.

பேஸ்

இதைத்தான் ஆறுதலாக எழுத விரும்புகிறேன். வெளிநாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் இதை நான் கண்டதில்லை.

கடைசிப் போர் நடந்த 2009 இல் எனக்குப் பத்து வயது. தூரத்திலிருந்து வருகிற கனத்த அடி என்ன மாதிரி இருக்கும் என்று என் வயது ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கீச்சுச் சத்தங்கள் மதிலிலும் மரத்திலும் பட்டு நின்றுவிடும். பேஸ் நிற்காது. 50 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீற்றர், அதற்கு ஆளுயர மதில் ஒரு தடையே இல்லை. ஆகவே தள்ளி இருக்கிற வீட்டுக்குப் பாட்டுக் கேட்காது. அடி மட்டும் கேட்கும், யன்னல் அதிரும்.

எங்கள் ஆலைக்குப் பின்னால் ஒரு அம்மம்மா இருக்கிறார். பெட்டி சோதித்த நாள் அவரின் முற்றத்தில் போய் நின்றேன்.

“பாட்டெண்டாப் பரவாயில்லைப் பிள்ளை. உது பாட்டில்லை. உது நெஞ்சுக்கை விழுகுது” என்றார்.

நான் போனில் சொல்லச் சொல்ல அண்ணை அங்கே குறைத்துக்கொண்டு வந்தார். “இப்ப எப்பிடி அம்மம்மா?” “இருக்கு.” “இப்ப?” அம்மம்மா விறாந்தைத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “கொஞ்சம் இருக்கு.” இன்னும் குறைத்தோம். கையை எடுத்து, மறுபடி வைத்து, “இப்ப இல்லை” என்றார். சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் அந்த அளவுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினோம். யார் டிஜேயாக நின்றாலும் அந்த டேப்புக்கு மேலே போகக் கூடாது.

நீங்களும் இதையே செய்யுங்கள். களத்துக்குள் நின்று சத்தம் வைக்காதீர்கள். கிட்ட உள்ள வீட்டுத் தூணில் கை வைத்து வையுங்கள். வீட்டுக்காரரின் கையாக இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு பெட்டி வைக்கிற முறை. திருவிழாவுக்குப் போல பேஸ் பொக்ஸ் இரண்டையும் இரண்டு மூலையில் வைத்தால் சில இடத்தில் அடி கூடிக் கேட்கும், சில இடத்தில் செத்துப் போகும். செத்த இடத்தில் நிற்கிறவர் கூட்டு, கூட்டு என்பார். இரண்டையும் நடுவில் ஒட்ட வையுங்கள். ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கும், குறைந்த சத்தத்திலேயே களம் நிறையும். 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கூரையை அதிர வைக்கிறது பெரும்பாலும் அந்தப் பகுதிதான், ஆடுகிறவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. காற்றையும் பாருங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆகவே வடகிழக்குப் பக்கத்து வீடுகளுக்குத்தான் சத்தம் கூடப் போகும். முதலில் போய்க் கதைக்க வேண்டியதும் அந்த வீடுகளோடுதான்.

இசையில் கவனிக்க வேண்டியது: முதல் இருபது நிமிடம் பேஸே இல்லாமல் போடுங்கள். பிறகு மெல்ல மெல்ல ஏற்றுங்கள். இசையைத் திடீரென்று நிப்பாட்டி, சில விநாடி மௌனம் விட்டு, ஓங்கி அடிக்கிற ஒரு முறை எல்லா ஊரிலும் கூட்டத்தைத் துள்ள வைக்கும். எங்கள் களத்தில் அதற்குத் தடை. அப்படி ஒரு மௌனத்தில் அடுத்தது எங்கே விழும் என்று காத்திருந்த உடம்புகள் இங்கே இருக்கின்றன. பழைய ரேவ் பாட்டுகளுக்குள் சைரனும் ஹெலிகொப்டர் இரைச்சலும் தாராளமாக வரும், அதனால் எதையும் முழுக்கக் கேட்காமல் போடாதீர்கள். வெட்டி வெட்டி மின்னுகிற லைற்றும் வெடியும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் யாராவது ஆடிக்கொண்டிருக்கும்போது விறைத்துப் போய் நிற்கலாம். அதைக் கவனிக்க ஒரு அக்காவும் ஒரு அண்ணாவும் எப்போதும் ஆடாமல் நிற்க வேண்டும். சுற்றிக் கூட்டம் சேர விடாமல், கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றிக் கால் நிலத்தில் படட்டும். இது இன்ன ஊர், இன்ன ஆலை, இன்றைக்குச் சனிக்கிழமை என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று விசாரிக்காதீர்கள். எழும்பிப் போய் மறுபடி ஆடுகிறவர்களும் உண்டு, வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் சரி.

காது விசயமும் சொல்ல வேண்டும். களியாட்ட இடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வரையறை வெளியிட்டது. போனில் இலவசமாகக் கிடைக்கிற அளவி செயலி திருத்தமானதில்லை, ஆனாலும் ஒரு குறிப்புக்கு உதவும். பெட்டிக்கு முன்னால் இரண்டு மீற்றருக்குக் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிற்க வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் வரை குறையும். பஞ்சு அடைப்பதில் பலன் குறைவு, பார்மசியில் நுரைக் காதடைப்பான் கேளுங்கள்.

ஜெனறேற்றர் மதிலுக்கு வெளியே, புகை அடைபடாத இடத்தில். எர்த் அடிக்காமல் ஓட்ட வேண்டாம். எண்ணெய் விடுவது நிப்பாட்டி ஆறிய பிறகு. வயர் ஆட்கள் நடக்கிற பாதையைக் குறுக்கே வெட்டக் கூடாது. இதற்கு மேல் தெரிய வேண்டும் என்றால் ஊரில் பெட்டி கட்டுகிற ஒருவரைக் கூப்பிடுங்கள், என்னை விட அவருக்குத் தெரியும்.

தண்ணீர், வெயில், தூள்

ஆளுக்கு இரண்டு லீற்றர் கணக்கில் குடிதண்ணீர் வையுங்கள், காசில்லாமல். குழாய் வைத்த பீப்பா, பக்கத்தில் ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணி, உப்பும் சீனியும் போட்டு. உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற்று கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஆடுகிறவர் தாகம் வந்துதான் வருவார், அது பிந்திப் போய்விடும். அதனால் தண்ணீர்ப் பொறுப்பாளர் பீப்பாவோடு நிற்காமல் கூட்டத்துக்குள் கிளாஸோடு நடக்க வேண்டும். தலை சுத்துது என்கிறவரை உடனே நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் கழுத்தையும் கக்கத்தையும் குளிர வையுங்கள். பேச்சுக் குழம்பினால் காத்திருக்காமல் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நிழல் மூலையில் பாய் விரித்து வையுங்கள். 1989 அளவில் லண்டன் ஹெவன் கிளப்பில் அலெக்ஸ் பாட்டர்சன் போன்றவர்கள் ஆடிக் களைத்தவர்கள் இருந்து ஆறத் தனி அறையில் மெல்லிய இசை போட்டார்கள். பிறகு ரேவ் என்றால் அப்படி ஓர் அறை இருக்கும் என்றாகியது. எங்கள் பாய் மூலையில்தான் முக்கால்வாசிக் கதை நடக்கிறது. விசுவமடுவிலிருந்து வந்த பிள்ளையும் பூநகரியிலிருந்து வந்த பிள்ளையும் பழகிக்கொள்வது ஆட்டத்துக்குள் இல்லை, அந்தப் பாயில்.

தூள், அதாவது போதைப்பொருள், பற்றி ஒளிவில்லாமல் சொல்கிறேன். 1988, 89 இல் இங்கிலாந்தில் இந்த அலை எழுந்தபோது எக்ஸ்ரசி என்ற போதை மாத்திரையும் கூடவே வந்தது. உடம்பு கொதித்துச் செத்த இளைஞர்கள் இருக்கிறார்கள், பயத்தில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்துச் செத்தவர்களும் இருக்கிறார்கள். இங்கே இப்போது ஐஸ் என்ற போதைப்பொருளும் கசிப்பும். எங்கள் களத்துக்குள் எதுவும் இல்லை என்பது வாசலில் வாயால் சொல்லப்படும், ஒவ்வொருவருக்கும். குடித்துவிட்டு வந்தவரைத் திட்டி அனுப்புவதில்லை. பாயில் இருத்தி, மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி வைத்து, அவர் ஊர்க்காரர் ஒருவரோடு ஓட்டோவில் அனுப்புகிறோம். யாராவது மயங்கி விழுந்தால், என்ன எடுத்திருந்தாலும், ஒளிக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொலிஸ் வரும் என்று பயந்து ஒரு பிள்ளையைச் சாக விடுகிற இடம் களமே இல்லை.

போன்: பெர்லின் கிளப்புகளில் வாசலிலேயே கமராவின் மேல் ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவார்கள். நாங்களும் ஒட்டுகிறோம், முன் கமராவிலும். ஒரு பெண் பிள்ளை ஆடுகிற பத்து விநாடி வீடியோ டிக்டொக்கில் போனால் அவள் வேலைக்குப் போகிற பாதையே மாறிவிடும். படம் இல்லாமல் ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பீர்கள். வந்தவர் அடுத்த முறை இரண்டு பேரைக் கூட்டி வரலாம், அந்த இரண்டு பேருக்கும் அவரே பொறுப்பு. அவ்வளவுதான்.

இசை

பழைய மடிக்கணினி ஒன்றும் மிக்ஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு ஹெட்போனும் இருந்தால் தொடங்கலாம். சிக்காகோ இளைஞர்கள் அசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் வகையைச் செய்தது, விலை போகாமல் 1984 இல் உற்பத்தி நின்ற ரோலண்ட் 303 என்ற சின்ன மின்னணு இசைக் கருவியைப் பழைய சாமானாக வாங்கித்தான். எம்.ஐ.ஏ. என்று பாடகியாக அறியப்பட்ட எங்கள் மாதங்கி அருள்பிரகாசமும் முதல் பாட்டுகளை ரோலண்ட் எம்.சி. 505 என்ற இசைக் கருவியில்தான் செய்தார். சாமான் காணாது என்று பின்போடாதீர்கள்.

ஒரே வேகமுள்ள இரண்டு பாட்டை எடுங்கள். நாலு நாலாக எண்ணிப் பழகுங்கள். பதினாறு அல்லது முப்பத்திரண்டு அடிக்கு ஒருமுறை பாட்டில் ஏதாவது மாறும். அந்த மாற்றத்தில் இரண்டாவதைத் தொடங்கி, முதலாவதின் பேஸை இறக்கிய பிறகே இரண்டாவதின் பேஸை ஏற்றுங்கள். இரண்டு பேஸும் ஒன்றாக ஓடினால் அம்மம்மாவின் தூண் சொல்லிவிடும். மூன்று மணிக்கு நிமிடத்துக்கு 110 அடி, நாலரைக்கு 124, ஐந்தரை வரை 128 ஐத் தாண்டாமல், பிறகு படிப்படியாக 100 க்கு இறக்கி முடியுங்கள். வேகமாக இருக்கும்போதே நிப்பாட்டினால் பெடியள் அதே வேகத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறி ஏ9 வீதிக்குப் போவார்கள்.

பாட்டு வரி இல்லாத இசைக்கு ஊர்ச்சனம் ஆடுமா என்ற சந்தேகம் வேண்டாம். விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்த சனம் இது. அண்ணாவியார் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்: சனம் சோர்கிற இடத்தில் தாளத்தை இறுக்குவார், உருகுகிற இடத்தில் ஒரே வரியை நாலு தரம் பாட விடுவார். டிஜேக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். எங்களோடு உடுக்கு அடிக்கிற ஐயா ஒருவர் சில வேளை சேர்வார். கிக், அதாவது இசையின் கனத்த முரசடி, நேராக நாலு அடிக்க, அவர் ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று வைப்பார், காவடியில் வருகிற திஸ்ர நடை. முதலில் இரண்டும் முட்டுப்பட்டுக்கொண்டு நின்றன. ஹை-ஹற் என்ற தட்டுத் தாளச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம், உடனே சேர்ந்துவிட்டது. கிக்கும் உடுக்கும் மட்டும் ஓடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அம்மாமாரும் எழும்பிவிடுகிறார்கள்.

மற்ற நாட்கள்

சனிக்கிழமை வையுங்கள், ஞாயிறு உடம்பு ஆற. வருசத்தில் இரண்டு மூன்று தரத்துக்கு மேல் வேண்டாம். ஆட்டம் முடிந்த அடுத்த நாட்களில் ஒரு வெறுமை வரும், குடிக்காதவருக்கும் வரும். அதை நிரப்ப உடனே அடுத்ததை வைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் வட்ஸ்அப் குழுவில் திகதி பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். கிழமை முழுக்க ஆட்டத்துக்காகவே காத்திருந்து வேலையையும் படிப்பையும் விட்டவர்கள் எல்லா நாட்டு ரேவ் கதைகளிலும் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி விடுவதற்கு மிச்சமாக ஒன்றும் இல்லை.

வேலைகளை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஜெனறேற்றருக்கு ஒரு முறையாவது பெண் பிள்ளை, சமையலுக்கு ஒரு முறையாவது பெடியன். எங்களிடம் ஜெனறேற்றர் பார்த்த தங்கச்சி ஒருத்தி இப்போது மின்னியல் படிக்கிறாள். நான் பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போய்க் கதிரையில் இருந்து கதைக்கப் பழகியது அந்த அனுமதிக் கடிதத்துக்காகத்தான். பிறகு வேலையிடத்தில் மேலதிக நேரச் சம்பளம் பற்றிக் கேட்கப் போனபோது குரல் நடுங்கவில்லை. கலியாணம் பேசி வருகிறவர்கள் கேட்டால், அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லச் சொல்லி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

காசு பற்றி: வெளிநாட்டிலிருந்து யாராவது பெரிய தொகை அனுப்பி மேடை போடச் சொல்வார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள். அரசியல்வாதியின் பெயர்ப்பலகைக்கும் இடமில்லை. வாசலில் ஒரு பானை, விரும்பியதைப் போடலாம், போடாமலும் வரலாம். செலவுக் கொப்பியை முடிவில் எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள்.

ஞாயிறு காலை தளத்தைக் கூட்டிக் கழுவுங்கள். அடுத்த போகத்தில் ஊரின் நெல் அந்தச் சீமெந்தில்தான் காயும், ஒரு போத்தல் மூடிகூடக் கிடக்கக் கூடாது. பிறகு சுற்றியுள்ள வீடுகளுக்கு வெறுங்கையோடு போகாமல், மிஞ்சிய பழமோ கச்சானோ கொண்டுபோய், நேற்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொன்னதைக் கொப்பியில் எழுதுங்கள். யாராவது கூட என்று சொன்னால் சிவப்பு டேப்பை இறக்கி ஒட்டுங்கள்.

ஆலைக்காரரிடம் திறப்பைக் கொடுக்கும்போதே அடுத்த திகதியைக் கேட்காதீர்கள். ஒரு கிழமை போகட்டும், யாருக்காவது முறைப்பாடு இருந்தால் அதற்குள் அவரிடம் வந்துவிடும். பிறகு போய், முறைப்பாடு ஏதும் வந்ததா என்று முதலில் கேளுங்கள். திகதி அதற்குப் பிறகு.